இருபத்திரண்டு சொடுக்கு

அடுப்பை விட்டிறங்கி ஒரு மணி நேரம் ஆகாத
அரிசி டார்ட்டை நம்பக் கூடாது.
மேலே பழுப்புத் தோல்,
உள்ளே இன்னும் யோசனை.
ஒரு குழி போதும்,
நடுவில் கீறிக்கொண்டு
நான் ஓட்டிய லட்சணத்தை ஊருக்குச் சொல்லிவிடும்.

வெர்வியேயில் என் கடை.
விடியுமுன் பன்னிரண்டு தட்டு,
பின்சீட்டை மடித்த சின்னக் காரில்.
கல் பாவிய இறக்கம், மழை தின்ற தார்,
ரயில்பாதைக் குறுக்கே ஒரு திம்,
ஸ்பாவில் அந்த விடுதியின் பின்வாசல்.
வருஷத்தில் முந்நூறு நாள்
இந்தக் கார் ஒரு தாம்பாளம்.

கடை மூடிய திங்கட்கிழமைகளில்
இரண்டே இரண்டை எடுத்துக்கொண்டு
இதே காரில் ஃபிராங்கோர்ஷாம் பந்தயத் தடத்துக்குப் போவேன்.
தலையில் ஹெல்மெட்,
நகக்கண்ணில் மாவு.

போன அக்டோபரில் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கியது.
வளைவில் கார் படகாயிற்று.
பிரேக் மிதித்தால்
மூக்கு தரைதொட வணக்கம் வைத்தது.

லாம்பேர் தன் காரை ஒரு வாரம் இரவல் தந்தான்.
'இதையே போடு, வேறு பேச்சில்லை' என்றான்.
தெருவில் கிடந்த காசு
பூவா தலையா என்று
என் முதுகெலும்பு சொல்லிற்று.
பன்னிரண்டு டார்ட் ஏற்றிப் போய்
பன்னிரண்டு தட்டுக் கூழ் இறக்கினேன்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை,
மீசையே இல்லாத எனக்கு.

ஒடில் பட்டறையில்
விலைப்பட்டியல் எதுவும் நீட்டவில்லை அவள்.
பம்பரை உள்ளங்கையால் அழுத்தி விட்டாள்.
கார் மூன்று தரம் தலையாட்டியது.
'டார்ட் எத்தனை கிலோ?'
இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

'இறுக்கம் வேறு, வேகம் வேறு.
சக்கரம் காற்றில் நிற்கிற நொடியில்
நீ ஓட்டுவது காரை அல்ல, பட்டத்தை.
வில் என்றால் வளையணும்,
வளையாவிட்டால் அது கம்பு.'

ஸ்பிரிங்கில் கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம்தான்.
உயரம் ஒரு விரற்கடை குறையலாம்,
அதற்குமேல் உன் கடைவாசல் சரிவு விடாது.
ரப்பரெல்லாம் பழையபடி ரப்பராகவே இருக்கட்டும்.
ஷாக் மட்டும் திருகு வைத்தது,
சொடுக்குச் சொடுக்காகத் தளரும்.
மொத்தம் நூற்று நாற்பது டார்ட்டின் விலை.
மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன்,
கூரையை முட்டியது.

மூன்று இரவு சோதனை.
முன்சீட்டில் ஒரு டார்ட்,
பெல்ட் போட்டு.
இறுக்கி மூடிய திருகை
பத்துத் தளர்த்தினேன்: விளிம்பு உதிர்ந்தது.
பதினாறு: நடு நடுங்கியது.
இருபத்திரண்டில்
கல்தெரு முழுக்க இறங்கியும்
அது குளம் மாதிரி இருந்தது.
தடத்துக்கு ஏழு.
மாவுப்பை கிழித்து இரண்டு எண்ணும் எழுதி
கண்ணாடி மறைப்பில் செருகினேன்.

ஏப்ரல் திங்கள். தூறல்.
பள்ளத்தின் அடியில் கார் ஒருமுறை அமர்ந்தது,
எழுந்தது,
அவ்வளவுதான்.
இரண்டாம் ஆட்டம் இல்லை.
மேட்டில் ஏறும்போது நான்கு டயரும்
ஈரத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பது
இடுப்பில் தெரிந்தது.
முந்திப் போனவர்கள் பதினேழு பேர்.
எண்ணினேன், வெட்கமில்லை.
ஒருத்தரை நான் முந்தினேன்.
லாம்பேர் அல்ல,
ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பி
சாக்ஸோடு தூங்கிப்போனேன்.

செவ்வாய் காலை, விடுதிச் சமையலறை.
விவீன் ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள்.
பன்னிரண்டிலும் கீறல்,
எல்லாம் ஒரே பக்கம் பார்த்து.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
வாசலில் நின்ற காரைப் பார்த்தாள்.
'நேற்று எத்தனை சுற்று?'
பதினொன்று.
சர்க்கரைப் பொடி டப்பாவை எடுத்தாள்,
சல்லடையைத் தட்டத் தொடங்கினாள்.

வெளியே வந்தேன்.
ஈரத் தரையில் மண்டியிட்டு
சக்கர வளைவுக்குள் கைவிட்டுத்
திருகைத் தேடிப் பிடித்தேன்.
எட்டு.
ஒன்பது.
பத்து.